துடைப்பக் கட்டையில் சுற்றிய மனு

அன்புள்ள சகோதரிகளே, பெரியவர்களே,

குடிக்கு எதிராகக் கிறிஸ்தவப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், 'ஜெபம் பண்ணினார்கள்' என்பார்கள். உண்மைதான். 1873 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அமெரிக்காவின் ஹில்ஸ்பரோ ஊரில் எலைசா தாம்சனோடு பெண்கள் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, மது விற்ற கடைகளுக்குப் போய் ஜெபித்தார்கள். மறு ஆண்டே பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் உருவானது. 1885-இல் அதன் ஊழியர் மேரி லெவிட் நியூசிலாந்துக்கு வந்து இறங்கினார். அங்கே நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அங்கே அமைந்த சங்கம், குழந்தைகளுக்கு மது விற்கக்கூடாது என்று பாராளுமன்றத்திடம் மனு கொடுத்தது. எவ்வளவு நியாயமான கோரிக்கை! பலன் இல்லை. ஓட்டு இல்லாதவர்களின் மனுவுக்கு அவ்வளவுதான் மதிப்பு. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் கேட் ஷெப்பர்ட். 1887 முதல் சங்கத்தின் வாக்குரிமைப் பணி அவர் கையில். பெண்களுக்கும் ஓட்டுரிமை கேட்டு, வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1891-இல் 9,000-க்கு மேல், அடுத்த ஆண்டு 19,000-க்கு மேல். மது வியாபாரிகளின் பக்கமிருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்து, மதுக்கடைகளிலேயே எதிர்மனுவுக்குக் கையெழுத்து சேர்த்தார்கள்.

1893-இல் வந்த கையெழுத்துகள் ஏறக்குறைய 32,000. வளர்ந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில் நான்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதித் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். நீளம் 270 மீட்டருக்கு மேல்! பாராளுமன்ற உறுப்பினர் ஜான் ஹால் அதை அவையின் நடுவே உருட்டிவிட, அது ஓடிப்போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. எத்தனை சமையலறை வாசலில் நின்று வாங்கிய கையெழுத்துகள் அவை! அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நெகிழ்கிறது.

பாராளுமன்ற மேலவையில் 20-க்கு 18 என்று பெண்கள் ஓட்டுரிமை மசோதா தப்பிப் பிழைத்தது. செப்டம்பர் 19-இல் சட்டமானது. ஒரு நாட்டின் பாராளுமன்றத் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிப் பெண்களுக்கும் சேர்த்து, ஓட்டுரிமை கிடைத்தது உலகில் அதுவே முதல்முறை.

சரி, குடி விஷயம் என்ன ஆனது? நாடு முழுக்க மதுவிலக்கு வரவேயில்லை. ஆனால் 1894-இல் மதுக்கடை உரிமங்கள் வேண்டுமா என்று தொகுதிவாரியாக மக்களிடமே கேட்டார்கள். அந்த முறை பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். க்ளூத்தா தொகுதியில் 'வேண்டாம்' என்பதே ஜெயித்தது.