கான்ஃபரன்ஸ் நடத்துறீங்களா? மாமல்லபுரம் டிரிப், பரதம், டின்னர்: எங்க சொதப்பும்?

வணக்கம் மக்களே! சென்னைல மூணு நாள் இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ், 120 டெலிகேட்னு வச்சுக்குவோம். பேப்பர் செலக்‌ஷனுக்கு ஒரு கமிட்டி இருக்கும், ஹாலுக்கு ஒரு கமிட்டி இருக்கும். சாயங்காலம் இவங்கள என்ன பண்றதுன்னு மட்டும் கடைசி வாரத்துலதான் யோசிப்பாங்க. இன்னைக்கு அதப் பத்தித்தான் பேசப்போறோம்.

மொதல் தப்பு, ஒரே நாள்ல ரெண்டையும் வைக்கிறது. மதியம் மாமல்லபுரம், ராத்திரி 7 மணிக்கு பரதம்னு அச்சடிச்சிருவாங்க. சிட்டிக்குள்ள இருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். சாயங்கால ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) டிராஃபிக்ல திரும்பி வர ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஆடுறவங்க மேக்கப்போட காத்திருப்பாங்க, ஹால் காலியா கெடக்கும். மொதல் நாள் டான்ஸும் டின்னரும், ரெண்டாம் நாள் டிரிப். மூணாம் நாள் எதுவும் வேண்டாம், பாதிப் பேர் பெட்டியோட ஏர்போர்ட் கிளம்பிருவாங்க.

டிரிப்புக்கு வருவோம். நினைவுச்சின்னங்கள் காலைல 6 மணியிலேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும்தான். டிசம்பர்ல அதுக்கு முன்னாடியே இருட்டத் தொடங்கிரும். அதனால 12:15க்கு செஷன முடிங்க, 1 மணிக்கு பஸ் நகரணும். இறங்கினதும் அர்ச்சுனன் தபசு, அதாவது பெரிய பாறைச் சிற்பம். அந்தப் பாறை கிழக்கு பாத்து இருக்கறதால மூணு மணிக்கு நிழல் விழுந்திருக்கும், நின்னு பாக்கலாம். அடுத்து ஐந்து ரதம். அது திறந்த மணல்வெளி, மூணு மணிக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனா வெயில் தாங்காது. கடைசியா கடற்கரைக் கோயில். மேற்கு வெயில் மேல படும்போது போட்டோவும் நல்லா வரும்.

டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபா, வெளிநாட்டுக்காரங்களுக்கு 600. ஆனா சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவச் சுத்தின நாடுகள்) கூட்டமைப்புக்காரங்களுக்கும் 40தான். இலங்கை, நேபாளம், தாய்லாந்துலேர்ந்து வர்றவங்க பாஸ்போர்ட்ட கையில வச்சிருக்கணும். நிறைய கமிட்டி இது தெரியாம எல்லாருக்கும் 600 வசூலிச்சிருது. ஒரு கைடுக்கு 25 பேர், அதுக்கு மேல போனா பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. போற வழியில தட்சிணசித்ராவ (தென்னிந்தியக் கலை, பண்பாட்டு மியூசியம்) சேக்கணும்னா, செவ்வாய்க்கிழமை லீவு, பாத்துக்கோங்க.

பஸ் நம்பர பேட்ஜ்லயே எழுதிருங்க, போன பஸ்லயேதான் திரும்பணும். இல்லன்னா தலை எண்ணியே அரை மணி நேரம் போயிரும். அப்புறம், பஸ்ல பாட்டு போடாதீங்க! செஷன்ல கேக்கத் தயங்கின கேள்விய பக்கத்து சீட்ல ஒக்காந்துதான் கேப்பாங்க. கெடுக்காதீங்க.

இப்போ டான்ஸ். மேடைக்கு மரப்பலகை போடுங்க. சிமென்ட் தரையில ஓங்கித் தட்டி ஆடுனா முழங்கால் போயிரும். அழகா இருக்கட்டும்னு மேல கார்ப்பெட் விரிச்சா அது நழுவும், சுருட்டும், தட்டுற சத்தமும் அமுங்கிரும். நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்றது), பாட்டு, மிருதங்கம், வயலின்னு நாலு பேர் ஓரமா ஒக்கார தனி இடம் வேணும். மிருதங்கத்துக்கே ரெண்டு மைக், ஆக மொத்தம் அஞ்சு மைக்காவது வேணும். நிகழ்ச்சி 45 நிமிஷம் போதும். வர்ணம்ங்கிற பெரிய உருப்படி (ஆடுற பாட்டு) மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல போகும், அதனால சின்ன உருப்படிகளா கேளுங்க. டின்னருக்கு முன்னாடி வைங்க. பின்னாடி வச்சா சாப்புட்டவங்க தூங்குவாங்க, நடுவுல வச்சா சாப்புடாதவங்க பிளேட்ட பாத்துட்டு இருப்பாங்க.

குத்துவிளக்கு ஏத்துறது அடுத்த தலைவலி. காய்ஞ்ச திரியில அஞ்சு பிரமுகர் ஆளுக்கு ஒரு நிமிஷம் போராடுவாங்க. திரிய முன்னாடியே எண்ணெய்ல ஊறப்போட்டு, நுனியில கொஞ்சம் கற்பூரத்தப் பொடிச்சுத் தடவுங்க. விளக்குக்கு நேரா ஏசி காத்தோ ஃபேனோ வரக்கூடாது.

பறையாட்டம் வச்சா வாசல்ல வைங்க. ஏசி ஹாலுக்குள்ள காது கிழிஞ்சிரும். தோல் பறைய நெருப்புல காட்டித்தான் விறைப்பேத்துவாங்க. வெளிய அதுக்கு ஒரு இடம் ஒதுக்கலன்னா, ஹோட்டலுக்குள்ள தீ அலாரம் அடிச்சிரும்.

டின்னர்ல, பதிவு ஃபார்ம்லயே சாப்பாட்டுக் கேள்வி இருக்கணும். சைவமா அசைவமான்னு ஒரு டிக் மட்டும் போதாது. வீகன்னு (பால், நெய்கூட சேக்காதவங்க) எழுதினவங்களுக்கு பருப்புல நெய் விட்டிருக்கா, கூட்டுல தயிர் இருக்கான்னு சமையல்காரர்கிட்ட கேக்கணும். முந்திரி அலர்ஜின்னா குருமாவும் பொங்கலும் ஆபத்து, குருமாவுல அரைச்சு விட்டிருந்தா கண்ணுக்கே தெரியாது. கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு சப்பாத்திய மட்டும் எடுத்துட்டு, சாம்பார், ரசம்லாம் தாராளமா சாப்புடுங்கன்னு சொல்லிருவோம். ஆனா கடையில வாங்குற பெருங்காயத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அவங்களுக்கு பெருங்காயம் போடாம ஒரு சின்னப் பாத்திரத்துல ரசம் தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க, கரண்டியும் தனியா.