ஆல்தோவா, ஆல்தாவா? ஸ்பானிய வாக்கியத்தில் மூளை வழுவைக் கண்டுகொள்ளும் விதம்

வணக்கம். "எல் ஃபாரோ எஸ் ஆல்தோ இ லூமினோசோ." கலங்கரை விளக்கம் உயரமானது, ஒளிமிக்கது என்பது இந்த ஸ்பானிய வாக்கியத்தின் பொருள். இதில் ‘ஆல்தோ’ என்பதை ‘ஆல்தா’ என்று மாற்றினால் பொருள் சிறிதும் குழம்பாது. ஆனாலும் ஸ்பானியம் பேசுபவருக்கு அது உடனே உறுத்தும். ஃபாரோ ஆண்பாற் சொல், ஆல்தா பெண்பால் வடிவம். ‘உயரமான மரம்’, ‘உயரமான பெண்கள்’ என்று பெயரடையை மாற்றாமலே பேசும் நமக்கு, விளக்குக்கு எதற்குப் பால் என்று தோன்றலாம். அங்கே பால் பொருளைவிடச் சொல்லையே பெரிதும் சார்ந்தது. மேசை பெண்பால், பியானோ ஆண்பால்.

இந்த உறுத்தலை மின் அலையாகப் பதிவு செய்ய முடியும். தலையில் மின்முனைகள் பொருத்தப்பட்டவர் திரையைப் பார்த்திருக்க, வாக்கியம் ஒவ்வொரு சொல்லாகத் தோன்றி மறைகிறது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு மூளை காட்டும் எதிர்வினை, பிற மின் அலைகளின் இரைச்சலில் மூழ்கிப்போகும் என்பதால், ஒரே வகையான பல வாக்கியங்களின் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள்.

ஓராசியோ பார்பெர், மனுவேல் கரேய்ராஸ் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கலங்கரை விளக்க வாக்கியமே ஓர் எடுத்துக்காட்டு. பிழையான சொல் தோன்றி ஏறத்தாழ 300 மில்லி வினாடி கடந்ததும், தலையின் இடது முன்பகுதியில் அலை எதிர்மின் திசையில் சாய்கிறது. இயைபு தவறியதை மூளை அப்போதே கவனித்துவிட்டது என்பது பலரும் தரும் விளக்கம். 500 மில்லி வினாடிக்குப் பிறகு, பின்பகுதியில் நேர்மின் திசையில் ஒரு மேடு எழுகிறது. பி600 எனப்படும் இந்த மேடு, வாக்கியத்தைத் திரும்ப எடுத்துச் சீர்செய்யும் உழைப்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

பால் வழுவுக்கும், ஒருமை பன்மை மாறி வரும் எண் வழுவுக்கும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மேட்டின் கடைசிப் பகுதியில், அதாவது 700 மில்லி வினாடிக்குப் பிறகுதான், பால் வழுவுக்கு மூளை கூடுதலாக உழைப்பது தெரிகிறது. பன்மை என்பது சொல்லின் இறுதியில் ஒட்டும் விகுதி. அதைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். பாலோ மனத்தின் அகராதியில் சொல்லோடு சேர்த்தே எழுதப்பட்டிருப்பது. அதைத் திருத்த அகராதி வரைக்கும் போய்வர வேண்டும். ஆய்வாளர்கள் தரும் இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

ஆனால் இயையாதவை எல்லாம் வழு அல்ல. "லொஸ் பின்தோரெஸ் திராஹிமோஸ் உன் கபயேதே" என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘ஓவியர்கள் ஒரு சட்டகத் தாங்கியைக் கொண்டுவந்தோம்’ என்று வரும். எழுவாய் படர்க்கை, வினைமுற்று தன்மை. இருந்தும் ஸ்பானியத்தில் இது முற்றிலும் சரியான வாக்கியம். ‘ஓவியர்களாகிய நாங்கள்’ என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ‘வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம்’ என்று நாமும் சொல்கிறோமே! பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று உவப்பில் சொல்வதை நம் இலக்கண நூலார் திணை வழுவமைதி என்றார்கள். வழுப்போலத் தோன்றினாலும் காரணம் கருதி ஏற்கத்தக்கது என்று பொருள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பவற்றை இலக்கணம் இடம் என்கிறது; ஆகவே ஓவியர்களின் வாக்கியத்தை இட வழுவமைதி என்று அழைத்தால் தவறில்லை.

சிமோனா மன்சினியும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் இத்தகைய வாக்கியங்களையும், உண்மையிலேயே இடம் வழுவிய வாக்கியங்களையும் படிக்கத் தந்து ஒப்பிட்டார்கள். உண்மையான வழுவுக்கு பி600 மேடு எழுந்தது. வழுவமைதிக்கோ தொடக்கத்தில் எதிர்மின் திசையில் ஒரு சாய்வு மட்டும் தோன்றியது. படர்க்கையாய் வந்த ஓவியர்களுக்குள் பேசுபவரையும் மூளை சேர்த்துக்கொண்டது, சீர்செய்யும் மேடு எழவே இல்லை.