மருந்து வண்டிக்காகக் காத்திருக்காத நோய்

செவிலியர்களுக்கு வணக்கம். வார்டில் வருடக்கணக்காகக் கால் கடுக்க நின்றவர்களும் இப்போதுதான் படிப்பை முடித்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கின்சன் நோயை 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதினார், மூளையில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் இது வருகிறது என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும். நான் பேச வந்தது கடிகாரத்தைப் பற்றி.

இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா உடம்பில் அதிக நேரம் தங்காது. நோய் முற்ற முற்ற, ஒரு மாத்திரையின் பலன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டில் காலை 6 மணிக்குச் சரியாக மாத்திரை போட்டவர், இடுப்பெலும்பு முறிந்து எலும்பு வார்டில் சேர்கிறார் என்று வையுங்கள். அங்கே மருந்து வண்டி 8 மணிக்குத்தான் வரும். அந்த இடைவெளியில் அவரால் புரண்டு படுக்க முடியாது, தம்ளரைப் பிடிக்க முடியாது. சில சமயம் விழுங்கவே வராது. விழுங்க வராதவருக்கு 8 மணி மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள்? கடைசியில் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

ஆபரேஷனுக்கு முன் வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று சொன்னால், இந்த மாத்திரைக்கும் அது பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூக்குக் குழாய், தோலில் ஒட்டும் பட்டை என்று மாற்று வழிகள் உண்டு. முடிவெடுப்பது மருத்துவர், நினைவூட்டுவது நீங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, இரவில் குழம்பிப் பேசினால் ஹாலோபெரிடால் என்று வழக்கம்போல எழுதியிருந்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டும் டோபமினைத் தடுப்பவை.

அப்புறம், முகம். தசை விறைத்திருப்பதால் சிரிப்போ வலியோ முகத்தில் தெரியாது. குரலும் தணிந்திருக்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது பொறுங்கள், பதில் வரும். நாமோ அதற்குள் பக்கத்தில் நிற்கும் மகனிடம் கேட்டுவிடுகிறோம்! கழிவறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது கூடவே 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுங்கள். பலருக்குக் கால் நகர்ந்துவிடும். ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது, எழுந்து நிற்கவைத்தும் பாருங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. இந்த நோய்க்கே கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி செலவு, பாலுணர்வு மிகுதி வருவதுண்டு. மருத்துவரிடம் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. மனைவி வராந்தாவில் உங்களிடம்தான் தயங்கித் தயங்கிச் சொல்வார். குணக்கேடு என்று ஒதுக்கிவிடாமல், மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே மருத்துவர் காதில் போடுங்கள். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.