யாருடைய தேர்?

நேயர்களுக்கு வணக்கம்.

நேபாள மக்களின் பண்டிகைகளைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தாளில் பெயர்களை எழுதிப் பார்த்தேன். தசைன், திஹார், தீஜ், சட், லோசார், புத்த ஜயந்தி, இந்திர ஜாத்ரா, காய் ஜாத்ரா என்று தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னால் பஞ்சாங்கம் வாசித்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு தேரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பாட்டன் நகரத்துத் தேர்.

காத்மாண்டுவிலிருந்து பாக்மதி ஆற்றைத் தாண்டினால் பாட்டன். லலித்பூர் என்றும் சொல்வார்கள். நேபாளத்துப் புத்தாண்டு, அதாவது வைசாக மாதத்தின் முதல் நாள், நம் சித்திரை முதல் தேதியை ஒட்டித்தான் வரும். அது கழிந்த கையோடு பாட்டனில் புல்சோக் என்ற இடத்தில் தேர் கட்டுவார்கள். 'கட்டுவது' என்ற சொல் இங்கே அப்படியே பொருந்தும். ஆணி அடிப்பதில்லை. மரத்தை மரத்தோடு பிரம்பால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மரவேலை பாராஹி என்ற பரம்பரைக்கு உரியது, பிரம்பு வேலை யங்வால் என்ற பரம்பரைக்கு உரியது.

நம் ஊர்த் தேரை மனதில் வைத்துக்கொண்டு போனவன் நான். அகன்ற அடிப்பீடம், அடுக்கடுக்காகச் சிற்பங்கள், அசைந்தாடி வரும் ஒரு கோயில் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்றது வேறு. நாலு பெரிய மரச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் தீட்டிய கண்கள். முன்னால் படகு மூக்கைப் போல வளைந்து நீளும் மரம், அதன் நுனியில் பைரவர் முகம். மேலே ஒல்லியாக, பச்சைத் தழை சுற்றி, ஏறக்குறைய 60 அடிக்கு எழும்பும் கோபுரம். பிரம்புக் கட்டு என்பதால் நிற்கும்போதே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். வடம் பிடித்து இழுத்தால் கோபுரம் ஒரு பக்கம் போகும், கூட்டம் மறுபக்கம் ஓடும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடுகிறார்கள். பார்க்கிற எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் நின்றவர்கள் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, தேரில் இருப்பது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். நாலு பேரிடம் கேட்டால் நாலு பெயர் வந்தது. பொதுவாக ராத்தோ மச்சிந்திரநாத் என்கிறார்கள். ராத்தோ என்றால் சிவப்பு. இந்துக்களுக்கு அவர் நாத சித்தர் மத்ஸ்யேந்திரநாதர். வஜ்ரயான பௌத்தர்களுக்கு அவர் கருணாமயர், அவலோகிதேஸ்வர போதிசத்துவர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வ குடிகளான நேவார் மக்களுக்கோ அவர் புங்க த்ய, புங்கமதி கிராமத்துச் சாமி. சிலை ஒன்றுதான். ஆறு மாதம் புங்கமதியிலும் ஆறு மாதம் பாட்டனிலும் இருக்கும். அன்றாடப் பூசை செய்கிறவர்கள் வஜ்ராசார்ய, ஷாக்கிய குலத்துப் பௌத்தர்கள். வடம் பிடிக்கிறவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை.

அவர் வந்த கதை இது. கோரக்நாதர் பாட்டனுக்கு வந்தாராம். ஊரார் அவரை மதிக்கவில்லை. கோபத்தில் மழை தரும் நாகங்களையெல்லாம் பிடித்து, அவற்றின் மேலேயே தவத்தில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. அவரை எழுப்ப யாருக்குத் துணிச்சல்? ஒரே வழி, அவருடைய குருவை அழைத்து வருவது. குரு வந்தால் சீடன் எழுந்துதானே ஆக வேண்டும்! நரேந்திரதேவ மன்னர், பந்துதத்தர் என்ற பௌத்த ஆசாரியர், லலித் என்ற விவசாயி மூவரும் காமரூபத்துக்கு, இன்றைய அசாமுக்குப் போனார்கள். மச்சிந்திரநாதர் ஒரு வண்டாக மாறி அவர்களுடைய கலசத்துக்குள் வந்து சேர்ந்தார். குரு வந்த செய்தி கேட்டுக் கோரக்நாதர் எழுந்தார், நாகங்கள் நழுவின, மழை கொட்டியது. ராஜா, பூசாரி, குடியானவன் மூன்று பேரும் சேர்ந்து போனால்தான் மழை வரும் என்று கதை கட்டியவர் சாமானியப்பட்டவர் இல்லை.

இந்தப் பெயர்கள் உங்களுக்கும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நம் பதினெண் சித்தர் வரிசையில் மச்சமுனி இருக்கிறார், கோரக்கர் இருக்கிறார். அதே குருவும் சீடனும்தான். இமயமலை அடிவாரத்தில் ஒருவர் தேரேறி மழைக்கடவுள் ஆனார், நம் பக்கம் சித்த மருத்துவச் சுவடிகளில் பெயர் போட்டுக்கொண்டார்.

ஆக, தேர் ஓடுவது மழைக்காக. பருவமழைக்கு முந்தின வாரங்களில் புல்சோக்கில் கிளம்பி, காபஹால், சுந்தாரா, லகன்கேல் என்று ஊருக்குள் புகுந்து, கடைசியில் ஜாவலாகேல் மைதானத்துக்குப் போகும். லகன்கேலில் தேர் உச்சியிலிருந்து ஒரு தேங்காயைக் கீழே போடுவார்கள். பிடித்தவருக்கு ஆண் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை, அதனால் அங்கே ஒரு யுத்தமே நடக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தேர் பாட்டனில் கிளம்பாமல் புங்கமதியிலேயே கிளம்பும். அப்படிக் கிளம்பிய வருஷம் 2015. ஏப்ரல் 25-ஆம் தேதி பூகம்பம் வந்தபோது தேர் பாதை நடுவில் நின்றது. புங்கமதியில் சாமியின் கோயில் இடிந்து விழுந்தது. மாதக்கணக்கில் தேர் வழியிலேயே கிடந்து, பிறகுதான் நகர்ந்தது. 2020-இல் கொரோனா. கட்டிய தேரை இழுக்க அனுமதி இல்லை என்றார்கள். மழைக்காலமே முடியப்போகிறது, சாமியை இப்படித் தெருவில் நிறுத்தி வைப்பதா என்று செப்டம்பரில் ஒரு நாள் இளைஞர்கள் வடத்தைப் பிடித்துவிட்டார்கள். போலீசாரோடு பெரிய தகராறு ஆயிற்று. நோய் பரவும் காலத்தில் அது சரியா என்றால் சரியில்லைதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுடைய தவிப்பு எனக்குப் புரிந்தது.

தேரோட்டத்தின் கடைசி நாளை இப்போது சொல்லப்போவதில்லை. பின்னால் வருகிறேன்.

ஆவணி, புரட்டாசி வாக்கில் காத்மாண்டுவில் இந்திர ஜாத்ரா. இந்திர விழா என்றால் நமக்குப் பூம்புகார் ஞாபகம் வரும். சிலப்பதிகாரத்தில் ஊரே கூடி எடுத்த விழா அது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலும் அதே விழா வருகிறது. நம் பக்கம் அது ஏட்டோடு நின்றுவிட்டது, காத்மாண்டுவில் இன்னும் தெருவில் நடக்கிறது. அங்கே இந்திரன் வந்த கோலம்தான் வேடிக்கை. அம்மாவுக்குப் பாரிஜாதம் வேண்டுமென்று, நாம் பவழமல்லி என்கிறோமே அந்தப் பூ, மனித வேஷத்தில் வந்து பறித்தானாம். தோட்டக்காரர்கள் திருடன் என்று பிடித்துக் கட்டிப்போட்டார்கள். மகனைத் தேடி அம்மாவே இறங்கி வந்தாள். விட்டுவிடுங்கள், உங்கள் பயிருக்குப் பனியும் மூடுபனியும் தருகிறேன், அந்த வருஷம் இறந்தவர்களைக் கையோடு சொர்க்கத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று பேரம் பேசினாள். தேவராஜனையே கட்டி வைத்துப் பேரம் பேசிய ஊர்! புலுகிசி என்ற வெள்ளை யானை வேஷம் இன்றும் அந்தத் தெருக்களில் தன் எஜமானனைத் தேடிக்கொண்டு, கூட்டத்தை முட்டித் தள்ளி ஓடுகிறது. அனுமான் டோகா அரண்மனைப் பக்கத்தில் ஸ்வேத பைரவரின் பிரம்மாண்ட முகம் இருக்கிறது. அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து குழாய் வழியாக அரிசிக் கள் ஊற்றும். பிரசாதம் வாங்க இவ்வளவு ஆர்வமான வரிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த விழாவில்தான் குமாரியின் தேர் வரும். 18-ஆம் நூற்றாண்டில் காத்மாண்டு அரசர் ஜயப்பிரகாச மல்லர் தொடங்கி வைத்தது. குமாரி, ஷாக்கிய குலத்துப் பௌத்தக் குடும்பத்துச் சிறுமி. பருவம் எய்தும் வரை அவளிடம் தலேஜு என்ற இந்து தேவி குடியிருப்பதாக நம்பிக்கை. இந்து அரசர்கள் அந்தப் பௌத்தக் குழந்தையின் முன் குனிந்து திலகம் வாங்கினார்கள். 1768-இல் கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுவைப் பிடித்தது இதே இந்திர ஜாத்ரா நாளில். ஊர் கொண்டாட்டத்தில் இருக்க, படை உள்ளே நுழைந்தது. வென்றவரும் முதல் வேலையாகக் குமாரியிடம் போய்த் திலகம் வாங்கிக்கொண்டார். 2008-இல் மன்னராட்சி போய்விட்டது. இப்போது குடியரசுத் தலைவர் போகிறார்.

அப்புறம் தசைன். நம் நவராத்திரி காலம்தான், ஆனால் பௌர்ணமி வரை பதினைந்து நாள். முதல் நாள் இருட்டறையில் மணல் பரப்பி வாற்கோதுமை விதைப்பார்கள். வெயில் படாமல் வளர்வதால் முளை பச்சையாக இல்லாமல் இளமஞ்சளாக வரும். அதன் பெயர் ஜமரா. நம் கிராமத்து முளைப்பாரியேதான். விஜயதசமி அன்று பெரியவர்கள் அரிசியும் தயிரும் சிவப்புக் குங்குமமும் பிசைந்து, சிறியவர்கள் நெற்றியில் அப்புவார்கள். அப்புவது என்றுதான் சொல்ல வேண்டும், நெற்றி முழுக்க இருக்கும். காதில் ஜமராவைச் செருகி, கையில் காசு தருவார்கள். நம் தெருக்களில் ராத்திரி விசில் ஊதி வந்த கூர்க்காக்கள் புரட்டாசி, ஐப்பசியில் ஊருக்குப் போனார்கள் என்றால் இந்தத் திலகத்துக்காகத்தான். ஊரில் மூங்கில் நட்டுக் கயிற்று ஊஞ்சல் கட்டியிருப்பார்கள், வானத்தில் பட்டம் பறக்கும், வீட்டில் ஆட்டுக்கறி.

ஆனால் எல்லாமே இணக்கம் என்று சொன்னால் அது பொய். தசைன் பல காலம் அரசாங்கத்தின் பண்டிகையாகவும் இருந்தது. 1990-இல் ஜனநாயகம் திரும்பிய பிறகு, பழங்குடி மக்களிலும் பௌத்தர்களிலும் ஒரு பகுதியினர் இது எங்கள் மேல் சுமத்தப்பட்டது என்று தசைனை விட்டுவிட்டார்கள். வேறு சிலர் சிவப்புக்குப் பதிலாக வெள்ளைத் திலகம் இட்டுக்கொண்டார்கள். மச்சிந்திரநாதர் தேரில் கேட்காத கேள்வியைத் தசைனில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

திஹாரில் அந்தச் சண்டை குறைவு. நம் தீபாவளிச் சமயத்தில் ஐந்து நாள். முதல் நாள் காக்கைக்கு, அது யமனின் தூதன். நமக்கும் இது புதிதில்லை. இரண்டாம் நாள் நாய்க்கு. யமன் வாசலைக் காக்கும் நாய் என்பதால், வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய் எல்லாவற்றுக்கும் நெற்றியில் திலகம், கழுத்தில் சாமந்தி மாலை, தின்ன நல்ல சாப்பாடு. மறுநாள் காலையில் கசங்கிய மாலையோடு தெரு நாய்கள் பழையபடி குப்பைத் தொட்டிப் பக்கம் நிற்கும்போது, கல்யாணம் முடிந்த மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பின மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் பசுவும் லட்சுமியும். நாலாம் நாள் நேவார் வீடுகளில் 'ம்ஹ பூஜா'. தரையில் ஆளுக்கொரு மண்டலம் வரைந்து, அவரவர் உடம்புக்கும் உயிருக்கும் பூசை செய்வார்கள். இந்து நேவாரும் செய்வார், பௌத்த நேவாரும் செய்வார். அன்றுதான் அவர்களுடைய நேபாள சம்வத் புத்தாண்டும். 879-இல் தொடங்கிய ஆண்டுக்கணக்கு அது. சங்கதர் என்பவர் ஊரார் கடனையெல்லாம் அடைத்து அதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். போரில் ஜெயித்த ராஜா பெயரில் ஆண்டு பிறப்பது உண்டு, கடன் அடைத்தவர் பெயரில் பிறந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் பாய் டீகா. அக்கா தங்கைகள் சகோதரனை உட்கார வைத்து, சுற்றிலும் எண்ணெயால் கோடு இட்டு, வாசற்படியில் அக்ரூட் கொட்டையை உடைத்து, நெற்றியில் ஏழு நிறத்தில் திலகம் வைப்பார்கள். கழுத்தில் 'மக்மலி' மாலை. என்ன பூ என்று அருகே போய்ப் பார்த்தேன். நம் வாடாமல்லி! உடன்பிறந்தவனைக் கூட்டிப்போக வந்த யமனிடம், எண்ணெய் காய்ந்த பிறகு, பூ வாடிய பிறகு கூட்டிப்போ என்று தங்கை நிபந்தனை போட்டாளாம். எந்தப் பூவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் பாருங்கள். கூடப் பிறந்தவர் இல்லாதவர்களுக்காக, காத்மாண்டு ராணி போக்ரி குளத்தின் நடுவிலிருக்கும் கோயிலை அன்று திறந்துவிடுவார்கள்.

இப்போது ஜாவலாகேலுக்கு வருவோம். தேரோட்டத்தின் கடைசி நாள், போட்டோ ஜாத்ரா. போட்டோ என்றால் உள்சட்டை. கார்க்கோடக நாகத்தின் ராணிக்குக் கண்வலி வந்தபோது ஒரு விவசாயி வைத்தியம் பார்த்தான். நாகராஜா ரத்தினம் பதித்த கறுப்புச் சட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வயலில் வேலை செய்தபோது கழற்றி வைத்தான், ஒரு பேய் எடுத்துப் போய்விட்டது. பிறகு தேர்க்கூட்டத்தில் பேய் அதைப் போட்டுக்கொண்டு வர, என் சட்டை, உன் சட்டை என்று சண்டை. இருவரிடமும் சாட்சி இல்லை. சாட்சியோடு வருகிறவரை சட்டை மச்சிந்திரநாதர் பொறுப்பில் இருக்கட்டும் என்று தீர்ப்பானது.

அதனால் வருஷா வருஷம், நாட்டின் தலைவர் முன்னிலையில், தேரின் மேல் நின்று அந்தச் சட்டையை நாலு பக்கமும் விரித்துக் காட்டுகிறார்கள். உரியவர் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். தேர் நகரும் நாள்களை ஜோசியர்கள்தான் குறிப்பார்கள். அந்த நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால் என்னால் காத்திருக்க முடியவில்லை, படத்தில்தான் பார்த்தேன். நாலு திசையிலும் காட்டியாயிற்று, யாரும் வரவில்லை. சட்டையை மடித்துப் பழையபடி பெட்டியில் வைக்கிறார்கள். அன்றைக்குத் தூறலாவது விழும் என்பார்கள், அதனால் கூட்டத்தில் பாதிப்பேர் குடையோடுதான் நிற்கிறார்கள்.

வணக்கம்.