கீமோ போட்டவங்களுக்கு காய்ச்சல்: அட்மிஷன் தானா, வீட்டுக்கு அனுப்புவாங்களா?

[ஸ்க்ரீன்ல தெர்மாமீட்டர், 101]

கீமோ போட்டு பத்து நாள் ஆச்சு, ராத்திரி பதினோரு மணி, அம்மாவுக்கு உடம்பு சுடுது, வச்சுப் பாத்தா 101. நாம என்ன பண்ணுவோம், ஒரு பாராசிட்டமால குடுத்துட்டு காலைல பாத்துக்கலாம்னு படுக்க வச்சிடுவோம். அத மட்டும் பண்ணாதீங்க. மாத்திரைல சூடு இறங்கிடும், கிருமி அப்படியேதான் இருக்கும்.

[ரத்த ரிப்போர்ட் க்ளோசப்]

ரிப்போர்ட்ல மொத்த வெள்ளணு 1,200, அதுல நியூட்ரோஃபில், அதாவது கிருமியோட சண்டை போடற வெள்ளணு, 30 பர்சன்ட்னு போட்டிருக்கா, பெருக்குங்க, 360 வரும். 500க்கு கீழ போனா ஆபத்து. நியூட்ரோஃபில் இல்லன்னா சீழ் கூட சரியா பிடிக்காது, வீக்கம் தெரியாது, பல பேருக்கு காய்ச்சல் ஒண்ணுதான் அறிகுறியே. அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போயிடணும்ங்கறாங்க.

சரி, அப்ப எல்லாருக்கும் பெட் தானா? இல்லங்க. மாஸ்க்னு ஒரு ஸ்கோர் இருக்கு, மூஞ்சில போடற மாஸ்க் இல்ல, மொத்தம் 26 மார்க். பிரஷர் குறையாம இருந்தா 5, ஆள் தெம்பா இருந்தா 5, வயசு 60க்கு கீழன்னா 2, இப்படி கூட்டிட்டே போய் 21ஓ அதுக்கு மேலயோ வந்தா ரிஸ்க் கம்மி. அவங்களுக்கு பொதுவா சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் மாத்திரையா குடுப்பாங்க, முதல் டோஸ அங்கயே போட்டு குறைஞ்சது நாலு மணி நேரமாவது உக்கார வச்சு பாத்துட்டுத்தான் அனுப்பணும்.

ஆனா ஸ்கோர் மட்டும் பத்தாது. வீட்டுல 24 மணி நேரமும் ஆள் இருக்கா, ஒரு மணி நேரத்துல திரும்பி வர வண்டி இருக்கா, இதையும் கேப்பாங்க. கடைசி பஸ் எட்டு மணிக்கே போயிடற ஊர்க்காரங்கள, ஸ்கோர் 24 இருந்தாலும் அட்மிட் பண்றதுதான் சரின்னு நான் சொல்லுவேன். இன்னொண்ணு, இந்தியால ஈ.கோலை கிருமி நிறைய இடத்துல சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியறதே இல்ல, அதனால உங்க டாக்டர் ஊசிதான்னு சொன்னா பில்லுக்காக சொல்றாருன்னு சண்டைக்குப் போகாதீங்க, பழைய சீட்டக் காட்டி மெடிக்கல்ல நீங்களே வாங்கியும் போடாதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு மூணு நாளாகியும் சூடு விடல, இல்ல நடுக்கம், மூச்சு வாங்கறது, மாத்திரைய வாந்தி எடுக்கறதுன்னு ஏதாவது ஒண்ணு, நேரா கிளம்புங்க, அந்த ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.