எடுத்த ஸ்கிரீன்ஷாட் எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறீர்கள். திரை ஒரு முறை மின்னுகிறது, மூலையில் சின்னதாகப் படம் வந்து மறைகிறது. அப்புறம் தேடினால் காணோம். அதில் பணம் அனுப்பிய ரசீது இருக்கலாம், டிக்கெட் இருக்கலாம், யாரோ அனுப்பிய முகவரி இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இப்போதே வேண்டும். கேலரியைத் திறந்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள், கண்ணில் படவே மாட்டேன் என்கிறது.

பதற வேண்டாம். படம் பெரும்பாலும் போனுக்குள்ளேயேதான் இருக்கும். நீங்கள் திறந்து பார்க்கிற ஆப்தான் அதைக் காட்டாமல் இருக்கிறது. கேலரியும் கூகுள் போட்டோஸும் ஜன்னல் மாதிரி. ஜன்னல் வழியே தெரியவில்லை என்பதற்காகப் பொருள் வீட்டுக்குள் இல்லை என்று ஆகிவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

முதலில் ஆண்ட்ராய்டு. பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் என்ற வசதி 2011ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் எல்லா கம்பெனிகளும் ஒரே இடத்தில் சேமிப்பதில்லை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிக்சல் போன்களில் இன்டர்னல் ஸ்டோரேஜுக்குள் 'பிக்சர்ஸ்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்'. இப்போது வரும் சாம்சங், ரெட்மி போன்களில் 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' இருக்கும். கேமராவில் எடுக்கிற போட்டோக்கள் விழுவதும் இந்த டிசிஐஎம் ஃபோல்டரில்தான். மற்ற கம்பெனி போன்களிலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் மாடல் பெயரை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றில் மாட்டும்.

இதோ, என் போனிலேயே காட்டுகிறேன். ஃபைல் மேனேஜரைத் திறக்கிறேன். சில போன்களில் 'மை ஃபைல்ஸ்' என்று இருக்கும், சிலவற்றில் வெறும் 'ஃபைல்ஸ்'. உள்ளே இன்டர்னல் ஸ்டோரேஜ். தட்டியதும் வரிசையாக ஃபோல்டர்கள் வருகின்றன. 'பிக்சர்ஸ்' இங்கே இருக்கிறது. அதைத் தட்டினால் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்'. உள்ளே போனதும் உடனே ஒரு வேலை செய்யுங்கள். மேலே வரிசைப்படுத்தும் பட்டன் இருக்கும், அதைத் தட்டி 'தேதி, புதியது முதலில்' என்று மாற்றிவிடுங்கள். பெயர் வரிசையில் இருந்தால் நேற்று எடுத்தது எங்கோ அடியில் கிடக்கும், நீங்கள் மேலே உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இதோ இந்த ஃபைல். முதலில் 'ஸ்கிரீன்ஷாட்' என்ற சொல், அடுத்து 20250314, அதன் பின்னால் 142233. முதல் எட்டு எண்கள் தேதி: 2025, மூன்றாம் மாதம், 14ஆம் நாள். அடுத்த ஆறு எண்கள் நேரம்: பிற்பகல் 2 மணி 22 நிமிடம் 33 விநாடி. அந்தப் படத்தை எந்த விநாடியில் எடுத்தீர்கள் என்பது பெயரிலேயே எழுதியிருக்கிறது. சாம்சங் மாதிரி சில போன்களில் எந்த ஆப் திறந்திருந்தபோது எடுத்தீர்களோ அந்த ஆப்பின் பெயரும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். பணம் அனுப்பிய அன்றைக்கு எடுத்தது என்று நினைவிருந்தால் போதும். பெயர் இப்படி இருக்கிற போன்களில், ஃபைல் மேனேஜரின் தேடல் பெட்டியில் அந்த எட்டு எண்களைத் தட்டினால் அன்றைய படங்கள் மட்டும் வந்து நிற்கும்.

சரி, படம் கேலரியில் தெரிகிறது, ஆனால் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, படத்தையே கேட்கலாம். படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள், அல்லது மூன்று புள்ளியைத் தட்டி 'டீடெயில்ஸ்' போங்கள். ஃபைலின் பெயர், அளவு, எடுத்த நேரம், அதோடு அது இருக்கும் முழுப் பாதையும் வரும். அந்தப் பாதையில் 'எமுலேட்டட்', பூஜ்யம் என்றெல்லாம் இருந்தால் குழம்ப வேண்டாம், அது உங்கள் இன்டர்னல் ஸ்டோரேஜின் உள்பெயர். அதற்குப் பிறகு வருவதை மட்டும் படியுங்கள். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும், எந்தப் பதிப்பாக இருந்தாலும் இந்த வழி ஏமாற்றாது. ஒரு புது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் டீடெயில்ஸைப் பார்த்தாலே பழையவை எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது கூகுள் போட்டோஸுக்கு வருகிறேன். நிறையப் பேர் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பேக்கப், அதாவது படங்களின் பிரதி உங்கள் கூகுள் கணக்கில் சேரும் வசதி, போட்டு வைத்திருப்பீர்கள். ஆனால் தானாகப் பேக்கப் ஆவது கேமரா ஃபோல்டர்தான். ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரை நீங்களாகச் சேர்த்தால்தான் அதுவும் மேலே ஏறும். சேர்க்காதவரை அது முதல் பக்கத்தில் போட்டோக்களோடு கலந்து வராமல் இருக்கலாம். அப்போது 'ஆன் திஸ் டிவைஸ்' என்ற பகுதிக்குள் போங்கள், அங்கே ஸ்கிரீன்ஷாட்ஸ் தனியாக இருக்கும். அதைத் திறந்தால் பேக்கப்பை ஆன் செய்யும் பட்டனும் அங்கேயே கிடைக்கும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய போனிலிருந்து புது போனுக்கு மாறுகிறீர்கள். 'எல்லாம்தான் பேக்கப்பில் இருக்கிறதே' என்று நம்பிப் பழைய போனை ரீசெட் செய்துவிடுகிறீர்கள். போட்டோக்கள் எல்லாம் வந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் ஒன்றுகூட வராது. தயவுசெய்து ரீசெட் செய்வதற்கு முன் இந்த ஃபோல்டரின் பேக்கப் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இந்த வீடியோவைப் போடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. கூகுள் போட்டோஸில் படம் தெரிகிறது, ஃபைல் மேனேஜரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டர் காலி. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பட்டனை எப்போதோ தட்டியிருப்பீர்கள். பேக்கப் ஆன படங்களை அது போனிலிருந்து நீக்கிவிடும், உங்கள் கணக்கில் மட்டும் வைத்திருக்கும். படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. திறந்து 'டவுன்லோட்' கொடுத்தால் போனுக்கு வந்துவிடும்.

தவறுதலாக அழித்திருந்தால் 'டிராஷ்' பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை அங்கே இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். சாம்சங் கேலரிக்குத் தனியாக ஒரு டிராஷ் உண்டு, அதுவும் 30 நாள். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. உங்கள் போனுக்கு அது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம், அவ்வளவுதான். அதன் பழைய பெயரும் போய், தேதியோடு 'டபிள்யூஏ' என்று தொடங்கும் ஒரு எண் சேர்ந்த புதுப் பெயர் வந்திருக்கும். இருக்கும் இடம் இது: இன்டர்னல் ஸ்டோரேஜில் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்', அதற்குள் 'வாட்ஸ்அப்', அதற்குள் இன்னொரு 'மீடியா', கடைசியாக 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. அதற்குள்ளேயே 'சென்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய படங்களின் பிரதி அங்கே கிடக்கும். கேலரியில் அது பெரும்பாலும் தெரியாது. மூலப் படத்தை அழித்துவிட்டீர்கள், ஆனால் ஒரு காலத்தில் யாருக்கோ அனுப்பினீர்கள் என்றால் இந்த இடத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். தெளிவு கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனாலும் எழுத்தைப் படிக்க முடியும்.

ஐபோனுக்கு வருவோம். அங்கே ஃபோல்டர் என்ற பேச்சே கிடையாது. எல்லாம் போட்டோஸ் ஆப்பில். 'மீடியா டைப்ஸ்' என்ற பகுதியில் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்று தனி ஆல்பம் இருக்கும். 2015ல் வந்த ஐஓஎஸ் 9லிருந்து இது உண்டு. ஐஓஎஸ் 18ல் போட்டோஸ் ஆப்பை ஒரே நீளப் பக்கமாக மாற்றினார்கள், அதில் கீழே தள்ளிக்கொண்டே போனால் கிடைக்கும்.

ஐபோனில் படம் காணாமல் போவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. எடுத்தவுடன் மூலையில் வரும் சின்னப் படத்தைத் தட்டினால் பெரிதாகத் திறக்கும். 'டன்' என்று கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். 'சேவ் டு போட்டோஸ்' கொடுத்தால் ஆல்பத்துக்குப் போகும். 'சேவ் டு ஃபைல்ஸ்' கொடுத்தால் ஃபைல்ஸ் ஆப்புக்குப் போய்விடும், போட்டோஸில் எவ்வளவு தேடினாலும் வராது. 'காப்பி அண்ட் டிலீட்' என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் கவனம் வேண்டும். அது படத்தை எங்கேயும் சேமிப்பதில்லை. வேறு இடத்தில் ஒட்டுவதற்குத் தயாராக நினைவில் மட்டும் வைத்திருக்கும். ஒட்டாமல் வேறு எதையாவது காப்பி செய்தால் போச்சு, திரும்ப எடுக்க வழியில்லை. அவசரத்தில் விரல் அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சஃபாரியில் ஒரு பக்கம் முழுவதையும் நீளமாக எடுக்கிறீர்கள் இல்லையா, 'ஃபுல் பேஜ்'? அது பிடிஎஃப் ஆக ஃபைல்ஸ் ஆப்பில்தான் சேரும். படமாக போட்டோஸில் சேர்க்கும் வசதி ஐஓஎஸ் 17ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எடுத்த நீளப் பக்கங்களை எல்லாம் ஃபைல்ஸ் ஆப்பில் தேடுங்கள். அழித்த படங்கள் போட்டோஸில் 'ரீசன்ட்லி டிலீட்டட்' பகுதியில் 30 நாள் இருக்கும்.

அலுவலகக் கணக்கு போனில் தனி வொர்க் ப்ரொஃபைலாக இருந்தால் இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டு 14லிருந்து அந்த ஆப்களில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் அந்த ப்ரொஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. உங்கள் சொந்த கேலரியில் தேடிப் பயனில்லை. சில வங்கி ஆப்களிலும் குரோமின் இன்காக்னிட்டோ பக்கத்திலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடாது. அங்கே படம் தொலையவில்லை, எடுக்கப்படவே இல்லை.

கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்க வேண்டுமா? ஆண்ட்ராய்டு என்றால் கேபிளைச் செருகிவிட்டு, போனைத் திறந்து, அறிவிப்பில் 'சார்ஜிங்' என்று இருப்பதை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே தெரியாது. ஐபோன் என்றால் விண்டோஸில் டிசிஐஎம் ஃபோல்டர் திறக்கும், எல்லாம் 'ஐஎம்ஜி' என்ற பெயரில் கலந்து கிடக்கும். ஃபைல் வகைப்படி வரிசைப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட்கள் வழக்கமாக பிஎன்ஜி வகையில் இருப்பதால் தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

எங்கே இருக்கிறது என்று தெரிந்தபிறகு, அதை வேறு யார் பார்க்க முடியும் என்பதையும் யோசியுங்கள். போட்டோ பார்க்க அனுமதி கொடுத்த ஆப், உங்கள் ஸ்கிரீன்ஷாட்களையும் பார்க்க முடியும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்ற தீய நிரலைப் பற்றி வெளியிட்டது. கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த சில ஆப்களுக்குள் அது ஒளிந்திருந்தது. கேலரியில் உள்ள படங்களிலிருந்து எழுத்தைப் படித்து, கிரிப்டோ வாலட்டின், அதாவது டிஜிட்டல் காசு வைத்திருக்கும் பையின், மீட்புச் சொற்களைத் திருடுவதுதான் அதன் வேலை. பாஸ்வேர்டையும் மீட்புச் சொற்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றைக்கே அழியுங்கள், டிராஷிலிருந்தும் அழியுங்கள், பேக்கப்பில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஆப்புக்கு ஒரே ஒரு படம்தான் தேவை என்றால் எல்லாப் படங்களுக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 14லும் ஐஓஎஸ் 14லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் அனுமதி தரலாம். ஏற்கெனவே கொடுத்ததைக் குறைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, ஆண்ட்ராய்டில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குள் போய், ஐபோனில் நேரடியாகவே, போட்டோஸ் என்பதைத் தட்டி மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், போன் மாடலையும், எந்த ஆப்பில் எடுத்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். சேர்ந்து தேடுவோம்.