இணையத்தில் கிடந்தது சார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பழைய கோட்டை வாசல் ஒன்று நிற்கிறது. இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள், நடுவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சங்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்த வாசலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப்போய்த்தான் எனக்குப் பதிப்புரிமை, அவதூறு என்று சட்டம் அறிமுகமானது. நான் வக்கீல் இல்லை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். அடிபட்டுக் கற்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விக்கிப்பீடியா உங்கள் வீட்டிலும் புழங்குவதுதான். பேரப்பிள்ளைகள் பள்ளிக் கட்டுரைக்குத் திறந்து வைத்துக்கொள்வார்களே, அது. 2001-ல் ஆங்கிலத்தில் தொடங்கியது, 2003-ல் தமிழுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் எழுதியதற்கு உடைமைக்காரர் யாரும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கிறார் ஐயா. நான் எழுதிய பத்தி என்னுடையது. அதை ஒரு நிபந்தனையோடு ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்: எடுத்துக்கொள், அச்சடி, விலைக்கு விற்கவும் செய், எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லிவிடு, மாற்றி எழுதினால் அதையும் இதே நிபந்தனையில் மற்றவர்களுக்குக் கொடு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று இதற்குப் பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, 'எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்' என்பதை மறந்துவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம். மலர் போட்டார்கள், ஒரு பிரதி வீட்டுக்கும் வந்தது. புரட்டிக்கொண்டே போனால் எங்கள் கோட்டை வாசல். முதல் வரியைப் படித்ததும், நன்றாக எழுதியிருக்கிறாரே என்று தோன்றியது. இரண்டாம் பத்தியில் புரிந்துவிட்டது. அவசரத்தில் நான் 'துவாபாலகர்' என்று ரகரத்தை விழுங்கித் தட்டிய பிழையும் அப்படியே அச்சேறியிருந்தது. கட்டுரையின் மேலே வேறொருவர் பெயர். பக்கத்தில் அவர் படம், சந்தனப் பொட்டோடு.

மலர்க் குழுக்காரரிடம் போனேன். மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "இணையத்தில் கிடந்தது சார்" என்றார். கிடந்ததாம்! திண்ணையில் காயவைத்த வற்றலும் கிடக்கத்தான் செய்கிறது, அள்ளிக்கொண்டு போவோமா? காசு வேண்டாம், இது விக்கிப்பீடியாவில் பலர் சேர்ந்து எழுதியது என்று ஒரு வரி போடுங்கள் என்றேன். "பலர் என்றால் எத்தனை பேர் பெயரைப் போடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று ஒரு பகுதி உண்டு. எவர் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கால்புள்ளியை மாற்றினார் என்பதுவரை அதில் இருக்கும். எங்கள் வாசலுக்குப் பதினோரு பேர் கை வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பதை அவர் தமிழே சொல்லும். இத்தனை பெயரையும் அச்சடிக்க வேண்டாம். கட்டுரையின் இணைய முகவரியும் உரிமத்தின் பெயரும் போதும்.

கடைசியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து, மீதமிருந்த பிரதிகளில் குத்தித் தந்தார். ஸ்டாம்பு பேடை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவு பேசுகிறவன் யோக்கியனா என்றால், இல்லை. எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் மலையாளம் பேசும் ஊர்கள்; எங்களுக்கு அதைப் படிப்பதும் எளிது. அப்படி ஓர் ஊரான ஆரியங்காவு பற்றி மலையாள விக்கிப்பீடியாவில் இருந்த கட்டுரையைத் தமிழாக்கி என் பெயரில் ஏற்றினேன். என்ன மாற்றினோம் என்று குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதவில்லை. மறுநாள் ஒரு நிருவாகி உரையாடல் பக்கத்தில், மலையாளத்தில் எழுதியவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தார். மொழியை மாற்றினால் உடைமை மாறாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண்டும் அளவும் எவருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுக்கலாம். அதைச் சொன்ன வாக்கியம்தான் சொந்தம். இந்த விஷயத்தில் மலையாளிகள் கொடுத்துவைத்தவர்கள். கேரள அரசு தன் கலைக்களஞ்சியமான சர்வவிஞ்ஞானகோசத்தையே 2008-ல் கட்டற்ற உரிமத்தில் திறந்துவிட்டது. நமக்கு நாட்டுடைமை நூல்கள் இருக்கின்றன. அரசு பணம் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவில் வைத்தவை, அச்சமில்லாமல் எடுத்தாளலாம்.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. கோட்டை வாசலை நீங்களே படமெடுத்து ஏற்றலாம். கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைகளையும் படமெடுக்க, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் கல்யாணப் படத்துக்கு யார் உடைமைக்காரர், சொல்லுங்கள் பார்ப்போம். ஸ்டுடியோக்காரர் என்பீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் அது சொந்தம் என்கிறது 17-ஆம் பிரிவு. மாமனார் செலவு செய்திருந்தால் மாமனாருக்கு! முன்பெல்லாம் வெளியான படத்துக்கு உரிமை 60 ஆண்டு; 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, படமெடுத்தவர் காலமான பிறகு 60 ஆண்டு. எழுத்துக்கும் அப்படித்தான், எழுதியவர் காலமான பிறகு 60 ஆண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நாட்டின் எல்லைகளைத் தவறாகக் காட்டும் வரைபடங்களுக்கும் சட்டம் இருக்கிறது. எல்லையோரத்துக்காரன் அதைப் பேசாமல் போகக்கூடாது, ஆனால் நேரமில்லை. அவதூறைச் சொல்லிவிடுகிறேன்.

தவறாக எழுதினால் யார் குற்றவாளி? பிறர் எழுதியதைத் தாங்கி நிற்கும் தளத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு குடை பிடிக்கிறது. எழுதியவருக்கு அந்தக் குடை கிடையாது. 2024-ல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறு என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைமேல் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. கட்டுரையைத் தொகுத்த மூன்று பேரின் விவரத்தைத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்தையும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில், "எல்லாரும் புனைபெயரில் எழுதும்போது உங்களுக்கு மட்டும் சொந்தப் பெயர் எதற்கு?" என்று ஒரே திட்டு. மாற்றலாம்தான். அந்த ரப்பர் ஸ்டாம்பில் என் பெயரும் சேர்ந்து இருக்கிறதே என்றுதான்… சரி, சிவப்பு விளக்கு வந்துவிட்டது. வணக்கம்.